பெஞ்சின் வலது பக்கம்

மார்ச் 2
நடுக்கடல்

அன்புள்ள படக்காரிக்கு,

நலம். நீ, நம் மேனேஜர் மகள், வாலுப் பயல், அப்பா நால்வரும் நலம் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் எழுதியதற்குப் பதில் வரவில்லை. கப்பல் மெயில் விழுங்கிவிட்டதா, நீ விழுங்கிவிட்டாயா என்று தெரியவில்லை.

இன்ஜின் அறையில் சூடு தாங்கவில்லை. இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரில் ஒரு சத்தம் வருகிறது. எப்போதாவது டக் என்று ஒன்று, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும்தான் கேட்கிறது. சீஃப் இன்ஜினியர் வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மெஷினுக்கு ஒண்ணுமில்லை, உனக்குத்தான் லீவு வேணும்" என்கிறார். வேலை முடிந்து படுத்தாலும் அந்த டக்கை எதிர்பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் துறைமுகத்தில் நின்றபோது ஆசையாக இணையத்தில் உன் படப் பக்கத்தைத் திறந்தேன். நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறோடு அது நிற்கிறது. வாலுவின் காதில் ஆரஞ்சுத் தோல் தொங்குகிற படம். அப்பா உரித்தால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும், அதை அவன் காதில் மாட்டிவிடுவார். நம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மனதில் நிற்பது அதுதான். அதற்குப் பிறகு ஒரு படம்கூட இல்லை. நான் துறைமுகத்தில் பார்க்கட்டும் என்றுதானே அந்தப் பக்கத்தையே தொடங்கினாய்? ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வந்து பார்க்க ஆரம்பித்ததும் எனக்குக் காட்ட அலுத்துவிட்டதா? நான் இல்லாவிட்டால் ஊர் சுற்றக்கூடாது என்று சட்டமா? ஞாயிறு ஆனால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போ. போய்ப் படம் போடு.

அடுத்த துறைமுகம் ஏப்ரல் கடைசியில்தான். அதுவரை எனக்குப் படம் கிடையாது. இந்த மெயிலில் எழுத்து மட்டும்தான் வரும். அதனால் போன இடத்தைப் பற்றி எழுது. படத்தில் இருப்பதை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். படத்தில் இல்லாததை எழுது.

அப்பாவோடு பேசவும் முடியவில்லை. நான் போன் செய்தபோது தூங்குகிறார் என்றாய். இந்தப் பயணம் முடிந்தால் செகண்ட் இன்ஜினியர் பரீட்சைக்கு வேண்டிய கடல்நாட்கள் முடிந்துவிடும், செப்டம்பரில் எழுதலாம் என்று அவரிடம் சொல்லிவை. தெரு முழுக்க அவரே சொல்லிக்கொள்வார்.

உன்
இன்ஜின்காரன்

⁂

மார்ச் 16

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

மெயிலை நான் விழுங்கவில்லை. வேலை விழுங்கிவிட்டது. மன்னிக்கவும்.

இதைப் பஸ் நிலையத்துக் கவுண்டரில் உட்கார்ந்துதான் தட்டுகிறேன். பஸ்ஸில் ஜனங்கள் எதைத்தான் விட்டுவிட்டுப் போவதில்லை? இந்த வாரம் குடைகள் போக, குக்கர் மூடி ஒன்று, மூடி மட்டும். பிறகு ஒரு பல்செட். அதற்குச் சொந்தக்காரர் இன்னும் வரவில்லை. "வந்து கேக்கிறதுக்கே வாய் வேணுமே" என்கிறான் பக்கத்து டிக்கெட் கவுண்டர்காரன். கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு கைத்தடி ஏலத்தில் போய்விட்டது.

நீங்கள் சொன்னபடியே நேற்று ஏரிக்குப் போனோம். வாடகை வண்டிதான். மேனேஜர் பெயருக்குத் தகுந்தபடி யார் எங்கே உட்கார வேண்டும், யார் பாயை எடுக்க வேண்டும் என்று எல்லோரையும் விரட்டினாள். வாலு வாத்துக்கு ரொட்டி போடுகிறேன் என்று ஒரு செருப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டான். வாத்து ரொட்டியைத் தின்றது. செருப்பு நடு ஏரிக்குப் போய்விட்டது. தொலைந்த பொருள் கவுண்டர்காரியின் பிள்ளை! மாமா பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வெயில் அவ்வளவு சுகமாக இருந்ததாம். உங்களை விசாரித்தார்.

படங்களைப் போட்டுவிட்டேன். ஏப்ரலில் பாருங்கள். என் பக்கத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். தன் பெயரை 'மூன்றில் ஒரு பங்கு' என்று வைத்துக்கொண்டிருக்கிறார். படத்தை மூன்றாகப் பிரித்து, பொருளை எந்தக் கோட்டில் வைக்க வேண்டும் என்று பாடம் நடத்துவதே வேலை. வாத்து நன்றாக இருக்கிறது என்று நான்கு பேர் சொன்னால், இவர், "பொருளை ஓரத்தில் வைப்பது கலை. ஓரத்துக்கு வெளியே வைப்பது கவனக்குறைவு" என்கிறார். யாரோ ரிட்டயர் ஆன வாத்தியாராக இருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வருகிறது. மாமாவுக்கு என்னவோ அவரைப் பிடித்துவிட்டது. தினமும் படித்துக் காட்டச் சொல்கிறார்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் போவதாக இருக்கிறோம். சத்தத்தை நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள்
படக்காரி

⁂

ஏப்ரல் 24
துறைமுகத்துக்கு வெளியே ஒரு காபிக் கடை

அன்புள்ள படக்காரிக்கு,

மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை அப்பா குளிக்கிறார். இரண்டாம் முறை அப்பா தூங்குகிறார். மூன்றாம் முறை வாலு எடுத்தான். "தாத்தாக்கு நான்தான் பட்டன் போட்டுவிட்டேன்" என்று ஆரம்பித்தான். மேனேஜர் போனைப் பிடுங்கி, "அப்பா, சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிட்டாள். சிக்னல் கண்ணாடி மாதிரி இருந்தது.

சரி என்று காபியை வாங்கி வைத்துக்கொண்டு உன் பக்கத்தைத் திறந்தேன். ஆறு ஞாயிறு. ஏரி இரண்டு முறை, மிருகக்காட்சிசாலை, ரயில் பாலம், பூங்கா, மறுபடியும் ஏரி. மற்றவர்கள் வாரம் ஒன்றாகப் பார்க்கிறார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தேன். முதல் தடவை மனசு நிறைந்தது. ஒட்டகச்சிவிங்கி எட்டிப்பார்க்க வாலு குனிகிற படத்தைப் பார்த்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

பிறகு அந்த வாத்தியார் எழுதியதைப் படித்தேன். ஐந்தாவது வாரம் கேட்டிருக்கிறார்: "எல்லாப் படத்திலும் பெரியவரை ஏன் இடது ஓரத்தில் வைத்துப் பாதியாக வெட்டுகிறீர்கள்? முகம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே?" மற்ற எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறாய். அவருக்கு மட்டும் சொல்லவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை மெஷின் பார்க்கிற மாதிரி.

அப்பா ஒரு படத்திலும் நிற்கவில்லை. மிருகக்காட்சிசாலையில்கூட உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கை ஒரு படத்தில்கூட இல்லை. பூங்காப் படத்தில் பாய் மேல் ஆரஞ்சுத் தோல் கிடக்கிறது. துண்டு துண்டாக. நாற்பது வருஷம் தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டிய மனிதர் துண்டு துண்டாகவா உரிப்பார்? ரயில் பாலம் படத்தில் கீழே ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் முனை தெரிகிறது. அது கைத்தடியின் நுனி. ஏலத்தில் போனது யார் வீட்டுக்குப் போனது?

சாயங்காலம் கிளம்புகிறோம். இனி மெயில்தான். பதில் எழுது.

இன்ஜின்காரன்

⁂

ஏப்ரல் 26

அன்புள்ளவருக்கு,

எல்லோரும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி. வயசு ஆகிறதல்லவா? தடி அதற்குத்தான். கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் படியுங்கள்.

இங்கே கவுண்டரில் கூட்டம். பிறகு எழுதுகிறேன்.

படக்காரி

⁂

ஏப்ரல் 28
நடுக்கடல்

முழங்கால் வலிக்காரர் பட்டனை ஏன் பேரன் போட வேண்டும்?

நான் படத்தில் இல்லாததை எழுதச் சொன்னேன். எழுது.

⁂

மே 4

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

ஜனவரி கடைசியில், காலையில். மாமா ஷேவ் செய்துகொண்டிருந்தார். ரேசர் விழுந்த சத்தம் கேட்டது. எடுத்துக்கொள்வார் என்று நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை போய்ப் பார்த்தேன். பாதி முகத்தில் நுரை அப்படியே இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்கிறார், வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது. வலது கை தொங்குகிறது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று அன்று இரவே சொல்லிவிட்டார்கள். கை வரவில்லை. கால் பாதி வந்திருக்கிறது. வலது பக்கம் யாராவது வந்து நின்றால் அவருக்குச் சட்டென்று தெரிவதில்லை, இடது பக்கம் போய் நின்றால்தான் பார்க்கிறார். பேச்சு போயிருந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வருகிறது.

முதலில் வந்த சொல் எது தெரியுமா? "பெரிய மெஷின்." உங்களைத்தான். தான் சின்ன மெஷின்காரன், மகன் பெரிய மெஷின்காரன் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிவாரே, அது. நான் போனை எடுத்துக்கொண்டு வந்து, "கூப்பிடவா மாமா?" என்றேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் முயற்சி செய்தார். கடைசியில், "சொல்லாதே" என்றார்.

அப்போதும் நான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேனேஜருக்குக் காய்ச்சல் வந்ததை நடுக்கடலில் இருந்த உங்களுக்கு எழுதினேனே? அடுத்த துறைமுகத்தில் நீங்கள் கூப்பிட்டபோது அவள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என்னால சரிபண்ண முடியாததை எனக்குச் சொல்லாதே. அதை வச்சுக்கிட்டு கடல் நடுவுல நான் என்ன பண்றது?" அது உங்கள் விதி. நான் போட்டதில்லை. அந்த விதியை நீங்களும் கடைப்பிடித்தீர்கள். இன்ஜின் அறையில் தீப்பிடித்ததை எனக்கு ஒரு வருஷம் கழித்துச் சொன்னீர்கள். செருப்புக் கடையில், சைஸ் பார்த்துக்கொண்டே. நான் அந்தக் கடையில் எதையும் வாங்காமல் வெளியே வந்தேன், ஞாபகம் இருக்கிறதா?

பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று மார்ச்சில் கேட்டீர்கள். அந்தக் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "போகலாம்" என்றார். உங்களுக்குப் படம் வேண்டும், அதனால் போகலாம். அவ்வளவுதான் காரணம். முதல் ஞாயிறு வண்டியிலிருந்து பெஞ்சு வரைக்கும் போவதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவரை ஓரத்தில் வைத்து, வலது பக்கத்தை விட்டுவிட்டு எடுத்தேன். கொஞ்சம் வந்துவிட்டதை கிராப் செய்தேன். அந்த வாத்தியார் சரியாகத்தான் பிடித்தார். அதனால்தான் அவர் மேல் அவ்வளவு எரிச்சல்.

ஆனால் இரண்டாவது ஞாயிறு மாமா விடியற்காலையிலேயே தயாராகி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு மிருகக்காட்சிசாலை என்று அவரே சொன்னார். சக்கர நாற்காலியை அங்கேயே தருகிறார்கள். குரங்குக் கூண்டுக்கு எதிரில் நிறுத்தினோம். ஒரு கிழட்டுக் குரங்கு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. மாமா அதைக் காட்டி, "நான்" என்றார். வாலு சிரித்தான், மேனேஜர் அவனை அடிக்கப் போனாள், மாமாவே பாதி வாயால் சிரிக்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை யாரும் உங்களுக்காகச் செய்யவில்லை. படங்களில் இருக்கிற சந்தோஷத்தில் பொய் இல்லை. வெட்டினது உண்மை. இரண்டும் உண்மை. எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

மறுபடியும் வருமா என்று டாக்டரைக் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். தேதி சொல்லிட்டு வர்ற வியாதி இல்லைம்மா இது" என்றார். இதைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கவுண்டரில் உட்கார்ந்து, இன்று சொல்லிவிடலாம், வேண்டாம், சொல்லிவிடலாம் என்று.

கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிட்டேன். மாமாவுக்கு நான் கொடுத்த வாக்கு போயிற்று. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று சொன்னதற்கு அவர், "வந்து என்ன பண்ணுவான்? என் கைக்கு கிரீஸ் போடுவானா? பரீட்சை எழுதச் சொல்லு" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி இப்போதுதான் கேட்கிறேன். அதைச் சொல்லி முடிக்க ஒரு டம்ளர் டீ ஆறிப்போகிற நேரம் ஆயிற்று.

உங்கள்
படக்காரி

⁂

மே 11
நடுக்கடல்

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

விதி என்னுடையதுதான். மறுக்கவில்லை. காய்ச்சலுக்குப் போட்ட விதி அது. அப்பாவுக்குப் போட்டதில்லை. அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும்.

அவர் சொல்லாதே என்றார், சரி. நீ சொல்லாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நீ சொல்லாமல் மட்டும் இருக்கவில்லை. வாரா வாரம் வேறொன்றைக் காட்டினாய். பிப்ரவரியில் நான் அந்தத் துறைமுகத்திலேயே இறங்கியிருக்கலாம். அவருக்குப் பேச்சு இல்லாத நாட்களில் பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்த நாட்கள் இனி எனக்குக் கிடையாது. நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய படங்களையும் போனில் வைத்திருக்கிறேன். இப்போது அவற்றையும் நம்ப முடியவில்லை. மேனேஜர் ஏன் நெற்றி முடியை இறக்கிவிட்டிருக்கிறாள், அடிபட்டதா? நீ எடுத்த ஒரு படத்தில் உன் நிழல் விழுந்திருக்கிறது, மெலிந்திருக்கிறாயா? ஒவ்வொரு ஓரத்திலும் அதற்கு வெளியே என்ன என்று தேடுகிறேன். இது வாழ்க்கையா?

இனி வீட்டுப் படம் எதையும் போடாதே. எனக்காகப் போடாதே. பார்க்கமாட்டேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

⁂

மே 25

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். இரண்டு வாரம் அப்படியே இருந்தேன். இனி முடியாது.

மேனேஜர் நெற்றியில் காயம் இல்லை. முகப்பரு. பள்ளிக்கூடத்தில் யாரோ கிண்டல் செய்ததால் முடியை இறக்கிவிட்டிருக்கிறாள். நான் மெலிந்திருக்கிறேன். இனி ஓரத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு எங்கும் போகவில்லை. கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். மாமா காலையிலேயே தடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மத்தியானம் வரை வண்டி வரும் என்று பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கிவிட்டார். நேற்றும் அதே மாதிரி வந்து உட்கார்ந்தார். நேற்றுக் கேட்டுவிட்டார். அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி?"

"இந்த வாரமும் போகலை மாமா."

"ஏன்?"

நான் பேசுவதற்குள் மேனேஜர், "அப்பா கோபமா இருக்கார் தாத்தா. படம் போடக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

"படம் போடக்கூடாது. சரி. ஊர்... சுத்தக்கூடாதுன்னு சொன்னானா?"

"அது சொல்லலை."

மாமா யோசித்தார். "அவன் கப்பல்ல... கேப்டனா?"

"இல்லை தாத்தா. மூணாவது இன்ஜினியர்."

"அப்போ வண்டியைக் கூப்பிடு."

வாலு விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் வண்டியைக் கூப்பிட்டேன்.

ஏரியில் அதே பெஞ்சு. நான் கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். மாமா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடு" என்றார். வேண்டாம் மாமா என்றேன். "முழுசா எடு" என்றார். "கை தெரியும் மாமா" என்றேன். "அதுவும் என்னுதுதான்" என்றார்.

நேர் எதிரில் நின்று எடுத்தேன். நடு மத்தியில். கை மடியில் கிடக்கிறது. எங்கள் கவுண்டரில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிதான் கிடக்கிறது. வாய் கோணல் தெரிகிறது. தடி தெரிகிறது. பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறது, அது வாலு வேலை. "போடு" என்றார். "அவர் பார்க்கமாட்டேன்னு சொல்லிட்டார் மாமா" என்றேன். "அவனுக்கு இல்லை. எனக்கு" என்றார்.

போட்டுவிட்டேன். உங்கள் சொல்லை மீறி. நீங்கள் பார்க்க வேண்டாம்.

நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிலர் அழுகிற பொம்மைகள் போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு அதெல்லாம் வேண்டாம், வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டார். வாத்தியார் இரவு வரை ஒன்றும் எழுதவில்லை. இன்று காலையில்தான் எழுதியிருந்தார்: "நடுவில் வைப்பது விதிக்கு விரோதம். இருந்தாலும் இருக்கட்டும்." மாமா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

இன்னும் ஒன்று. பாய் மேல் கிடந்த ஆரஞ்சுத் தோல் மேனேஜர் உரித்தது. நேற்று மாமா பழத்தைக் கேட்டு வாங்கி முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உரித்துப் பார்த்தார். விரல் நீளம் வந்து அறுந்தது. பழம் உருண்டு வாத்துகளிடம் போய்விட்டது. அடுத்ததைக் கேட்டார். அதுவும் போயிற்று. கடைசியில் வீட்டுக்கு வரும்போது ஒருவருக்கும் ஆரஞ்சு இல்லை.

அதைப் படம் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

படக்காரி

⁂

ஜூன் 10
துறைமுகம்

படக்காரிக்கு,

இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரை ஒருவழியாகக் கழற்றினோம். உள்ளே ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. சீஃப் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்கதான்டா செவிடு" என்றார். என் வேலையை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கும்போது அந்த போல்ட்டைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தேன்.

பார்க்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். பார்த்தேன். அதே காபிக் கடை இல்லை, வேறொன்று. இங்கேயும் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் கோபம் தீரவில்லை. அது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன், சண்டைக்கு இல்லை.

ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் எழுது. வரும் ஞாயிறு ஏரிக்குப் போகிறீர்களா? எந்த வாசல் வழியாக, எந்தப் பெஞ்சு?

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த மெயிலுக்கு எழுதாதே, எனக்குக் கிடைக்காது. செப்டம்பர் பரீட்சையைப் பற்றி அப்பா பேச்செடுத்தால் எதையாவது சொல்லி மாற்றிவிடு. அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்ஜின்காரன்

⁂

ஜூன் 11

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் படித்தேன். எதிரில் ஒருவர் குடையைக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் பல்செட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

என் கோபமும் தீரவில்லை. செருப்புக் கடைக் கோபம் தனியாக இருக்கிறது. அதையும் ஒருநாள் பேச வேண்டும். மெயிலில் இல்லை.

ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்:

போகிறோம். படகுத் துறைக்குப் பக்கத்து வாசல். அங்கிருந்து தண்ணீர்ப் பக்கமாக நடந்தால் வளைந்த மரம் ஒன்று இருக்கிறது, அதற்கு அடுத்த பெஞ்சு. பத்து மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவோம். மதியம் வரை இருப்போம். வண்டி வந்துவிட்டால்கூடப் போகமாட்டோம்.

மாமாவிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் மறைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாலுவுக்குத் தெரிந்தால் பஸ் நிலையம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தப் பெஞ்சுக்கு யார் வந்தாலும் மரத்தின் பக்கமாக வர வேண்டாம். அது அவருக்கு வலது பக்கம். பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் தெரியாது, தூக்கிவாரிப்போடும். சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வர வேண்டும். தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். எழுந்திருக்க முயற்சி செய்வார், விடக்கூடாது.

அவரை இந்த வாரமும் நடுவில்தான் உட்காரவைக்கிறேன். வலது பக்கம் யாரையும் உட்காரவிடமாட்டேன். கேமராவைக் கொண்டுவருவேன். பையிலிருந்து எடுக்கமாட்டேன்.

ஆரஞ்சு நிறைய வாங்கியிருக்கிறேன். உரிக்காமல் கொண்டுவருகிறோம்.

உங்கள்
படக்காரி